"அவனைத் தொட்டால் எனக்கும் வருமா?"

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுவன் சேர்ந்திருக்கிறான். "அவன் ஏன் அப்படிப் பேசுகிறான்? தொட்டால் எனக்கும் வருமா?" என்று அவன் அம்மா பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிட்டாள். அதட்டி வாயை அடைத்தேன். இப்போது சில பெற்றோர், அவனை வேறு பள்ளிக்கு மாற்றக் கோரி மனு கொடுக்கப் போகிறார்கள். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் மகள் கேட்டதில் தவறே இல்லை, சகோதரி. அதட்டினால், அந்தப் பையனைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் அவள் மனதில் பதியும். இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். அந்தத் தாயிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள்.

ஒட்டாது என்பதை முதலில் சொல்லுங்கள். அவளுடைய பயம் அதுதான். "இது சளி, காய்ச்சல் மாதிரி இல்லை. அம்மா வயிற்றில் உருவானபோதே அவன் உடம்பு அப்படி அமைந்துவிட்டது. யார் செய்த தவறும் இல்லை." ஆறு வயதுக்கு இது போதும். உங்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக: நம் செல்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிய இழைகள்) இருக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் 47. இது 1959இலேயே தெரிந்துவிட்ட உண்மை. இன்னமும் கிரகணத்தையும் பூர்வஜென்ம வினையையும் சொல்லித் தாயைக் குத்துகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அடுத்தது பேச்சு. தசைகள் தளர்வாக இருப்பதால் நாக்கும் உதடும் மெதுவாகத்தான் பழகும். காது கேட்பதில் சிக்கலும் பலருக்கு உண்டு. ஆனால் இந்தக் குழந்தைகள் பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்கிறார்கள். பதில் வரத் தாமதமானதும் மற்ற பிள்ளைகள் அடுத்தவரிடம் திரும்பிவிடுவதால் அவன் ஊமையாக ஒதுங்கிப் போகிறான். ஆகவே, கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணட்டும். புரியாவிட்டால் "கையால் காட்டு" என்று கேட்கட்டும். புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம்.

"அவனைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பையைத் தூக்கி, டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்து அவள் ஒரு குட்டி ஆயாவாகிவிட்டால், அவனுக்குத் தோழி கிடைக்கமாட்டாள். ஓடிப்பிடித்து விளையாடும்போது அவனும் அவுட் ஆகட்டும். அவன் தள்ளினால், வேறு யாரிடமும் சொல்வது போல "வலிக்கிறது, தள்ளாதே" என்று சொல்லட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: சிலருக்குக் கழுத்து மூட்டு உறுதியாக இருக்காது. குட்டிக்கரணம் போன்ற விளையாட்டுகளுக்கு முன் அவன் பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்ய மற்ற பெற்றோர் யார்? பாடம் பின்தங்குகிறது என்பதுதான் அவர்களுடைய உண்மையான கவலை என்றால், அவன் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.