எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்பூச்சு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) ஆபரேஷன் முடிந்து 8 மாதம் ஆகியும் வலி போகவில்லை. மறுபடி ஆபரேஷன் செய்யவேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். வலி பீரியட்ஸ் நாட்களில் மட்டுமா, மாதம் முழுக்கவா என்பதை வைத்துத்தான் அடுத்த வைத்தியம். இரண்டு மாதம் ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, ரத்தப்போக்கு உண்டா, மலம் கழிக்கையில் வலித்ததா, போட்ட மாத்திரை எத்தனை மணி நேரம் கேட்டது. ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். திசுவை வெட்டி எடுத்தார்களா, மேலோட்டமாகச் சுட்டார்களா, குடலில் ஒட்டியிருந்ததை விட்டுவைத்தார்களா என்பது அதில் இருக்கும்.

பீரியட்ஸில் மட்டும் வலி, போக்கும் அதிகம் என்றால் அடினோமயோசிஸ் உண்டா என்று பார்க்கவேண்டும். அது அதே மாதிரித் திசு கர்ப்பப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே இருப்பது. வெளியில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அப்படியே இருக்கும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரியவரும்.

ஹார்மோன் எதுவும் எடுக்காமல் விட்டால் 5 ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. உடனே குழந்தைக்கு முயலவில்லை என்றால் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை 2 மி.கி. தினமும் இடைவெளியின்றி எடுப்பது வழக்கம். காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. முதல் சில மாதம் திட்டுத்திட்டாக ரத்தம் படும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். டயனோஜெஸ்டை மட்டும் கருத்தடையாக நம்பவேண்டாம்.

வலி உச்சத்துக்குப் போனபின் போடும் மாத்திரை பாதிதான் கேட்கும். மெஃபனமிக் ஆசிட் என்றால் போக்கு தொடங்கும்போதே 500 மி.கி., சாப்பிட்ட பின், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாள். அல்சர், கிட்னி பிரச்சினை, ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சலோடு தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்; இந்த மருந்து பற்றி 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது.

அதிகம் தவறவிடப்படுவது இடுப்புத்தளத் தசை, அதாவது சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசை. மாதம் முழுக்க வலி, உறவின்போது வலி, சிறுநீர் விட்டுவிட்டு வருவது எல்லாம் சேர்ந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள். வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் அடிவயிற்றை எக்கிப் பிடித்தே பழகிய உடம்பு. கட்டியை எடுத்தாலும் தசை பிடியை விடாது. இதற்குக் கீகல் பயிற்சி கூடாது, இறுகியதை இன்னும் இறுக்கும். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலிமேல் வைத்து, வயிறு உப்ப 4 எண்ணி மூச்சை இழுங்கள். ஆசனவாயைச் சுற்றித் தசை தளர்ந்து கீழே இறங்குவது தெரியவேண்டும். 6 எண்ணி விடுங்கள். விடும்போது உள்ளே இழுக்காதீர்கள். காலை மாலை 5 நிமிடம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் பாதத்துக்குக் கீழே சின்ன ஸ்டூல் வையுங்கள். இடுப்புத்தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விடவேண்டாம்.

வெந்நீர்ப் பை நல்லதுதான். ஆனால் வைக்கும் இடத்தில் தோலில் வலைபோல் பழுப்புக் கோடு விழுந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

‘குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்பவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், ஸ்கேனில் ஆழமான திசு தெரிந்தால் இரண்டாவது ஆபரேஷன் பற்றிப் பேசலாம். சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட்டை (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) உரிக்கும்போது முட்டையிருப்பும் கொஞ்சம் சேர்ந்தே போகும். குழந்தை வேண்டும் என்பவர்கள் அதற்கு முன் முட்டையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும்.