மகள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்: திருப்பூர் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் 2 உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், பொறியியல் வேண்டாம், வேதியியல் படித்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடம் படித்துவிட்டுக் கடைசியில் ஏதோ ஒரு கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பாளோ என்பது உங்கள் கவலை. நியாயமான கவலைதான், அப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் நான் உங்கள் மகள் பக்கமே சாய்கிறேன். ஓரிடத்தில் மட்டும் அவளோடு எனக்கு உடன்பாடில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆராய்ச்சி என்றதும் தனி அறையில் உட்கார்ந்து யோசிக்கும் மேதைதான் நம் வீடுகளில் நினைவுக்கு வருகிறார். நிஜத்தில் அது பல பேர் கூடிச் செய்யும் வேலை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் எல்லா நோயாளிகளையும் படுக்கவைக்க மருத்துவமனையில் இடம் இல்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா, கூட இருப்பவர்களுக்குத் தொற்றிவிடாதா என்பதுதான் கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தாம்பரம் சானட்டோரியத்தில் சேர்த்தார்கள், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருந்தவர்கள், சானட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகக் குணமாகியிருந்தார்கள். வீட்டார்க்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை என்று அடுத்தடுத்த ஆண்டுகளின் கண்காணிப்பு காட்டியது. உலகெங்கும் காசநோய் விடுதிகளின் தேவை குறைந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் இருப்பவர் மருந்தைச் சாப்பிட்டாரா, தூக்கிப் போட்டாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து, அதில் மருந்து இறங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்த ஆய்வு வெறும் மருத்துவர்களால் முடிந்ததல்ல. வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர், சோதனைக்கூடத்தில் சளி மாதிரியைப் பார்த்தவர், புள்ளிவிவரம் போட்டவர் என எல்லாருக்கும் அதில் வேலை இருந்தது, சம்பளமும் இருந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்துக்கு அடிப்படையான வைரஸ், 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது, வயிற்றுப்போக்கு இல்லை. அந்தக் குறிப்பிலிருந்து கிளம்பி, டெல்லி, புனே, வேலூர் மூன்றிடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர 2016 ஆகிவிட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். உங்கள் மகளிடம் இதைக் காட்டுங்கள். ஒரு பிஎச்.டி. முடிப்பதற்குள் உலகத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தால் அவள் ஏமாந்துபோவாள். நீண்ட வேலையில் ஒரு துண்டை ஒழுங்காகச் செய்து கொடுப்பதில் அவளுக்கு மகிழ்ச்சி கிடைக்குமா? அதை அவள்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். கடிதத்தின் அடியில் அவளே இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்: சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் வேதியியல்தான் வேண்டுமாம். சாயப்பட்டறையில் கணக்கு பார்க்கும் உங்களுக்கு 2011 ஜனவரியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக்கிடந்ததைப் பார்த்தவர் நீங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கழிவுநீரும் நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற ஏற்பாட்டில்தான் தொழில் நடக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன, சவ்வுகள் உப்பைத் தடுத்து நிறுத்துகின்றன, மிஞ்சும் அடர்நீரை ஆவியாக்கி கிளாபர் உப்பைப் பிரித்து மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு படியும் யாரோ சோதனைக்கூடத்தில் தொடங்கியது. ஆனால் கடைசியில் எதற்கும் ஆகாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்கிக் கிடக்கிறதே, அதற்கு இன்னும் மலிவான வழி கிடைத்தபாடில்லை. ஆவியாக்கும் செலவோ கையைக் கடிக்கிறது. அந்தச் செலவு எவ்வளவு என்று உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். இத்தனை பெரிய கேள்வி வீட்டு வாசலில் இருக்கும்போது, ஆராய்ச்சிக்கு வேலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

அவளோடு உடன்படாத இடம் இதுதான். பொறியியல் படித்தால் ஆராய்ச்சிக் கதவு மூடிவிடும் என்று நினைக்கிறாள். தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி வேதியியல், மீதிப் பாதி ரசாயனப் பொறியியல். சோதனைக்கூடத்தில் ஒரு லிட்டரில் நடப்பதை ஆலையில் லட்சக்கணக்கான லிட்டரில் நடத்திக்காட்டுவது பொறியாளர் வேலை. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்தில் ரசாயனப் பொறியியல் இருக்கிறது. காரைக்குடியில் பேட்டரி, உலோக அரிப்பு ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் வளாகத்திலேயே மின்வேதியியலும் சேர்த்துக் கற்பிக்கும் பி.டெக். உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்றே பொறியியல் என்று நீங்களும் நினைக்க வேண்டாம், அதை வெறுப்பதே லட்சியம் என்று அவளும் நினைக்க வேண்டாம்.

அறிவியல் வழியே போவதானால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களைப் பாருங்கள். நாட்டில் ஏழு இருக்கின்றன. திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்குப் பக்கம். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். அவள் எடுத்திருக்கும் பிரிவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பிளஸ் 2 முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் கோட்டைவிடுவீர்கள். அதற்குள் தேதி முடிந்திருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. உதவித்தொகை சில மாதம் தள்ளி வருவதும் உண்டு, கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேர மட்டும் விடாதீர்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரைவிட, அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதே முக்கியம்.

இந்தப் பாதை பஸ் பயணம் மாதிரி, வழியில் நிறுத்தங்கள் உண்டு. முதுகலையோடு இறங்கினால் மருந்து, சாயப்பொருள் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள், நீர் சுத்திகரிப்பு நிறுவனங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணி எல்லாம் இருக்கின்றன. பிஎச்.டி. முடிக்கும்போது வயது இருபத்தெட்டு ஆகிவிடுமே என்கிறீர்கள். பையனாக இருந்தால் இதே கணக்கைப் போட்டிருப்பீர்களா?

ஒரு வேலையை மட்டும் இப்போதே தொடங்குங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு நம் மாநில சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களில் போதாது. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பென்றால், உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, வசதி படைத்தவர்களை விலக்கும் கிரீமி லேயர் வரம்பைத் தாண்டாமல் இருந்தால் மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு அறிவிப்பில் போட்டிருப்பார்கள். மார்ச்சிலேயே இ-சேவை மையத்தில் தாள்களைத் தயாராக வைத்திருங்கள். தேர்வில் தேறிவிட்டு, இந்த ஒரு தாளுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலையும் குடும்பங்கள் ஒவ்வொரு ஜூனிலும் என்னிடம் வருகின்றன.