சென்னை–டொராண்டோ: டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

தம்பி, சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், ஜனவரி வகுப்புக்கு எந்த வழியாக வரலாம், எந்த சீட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. டெல்லி கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே இருப்பதால் அந்த வழியில் சுற்று இல்லை. லண்டன் வழி வந்தால் 500 கிலோமீட்டர் கூடும். பறக்கும் நேரம் மட்டும் 18 மணியை ஒட்டி வரும். அமெரிக்கா வழி வேண்டாம், விமானம் மாறுவதற்கே அங்கே விசா கேட்பார்கள். சீட் உங்கள் விருப்பம்.

விமானம் மாறும் நேரத்தைச் சேர்க்காத இந்த 18 மணிக் கணக்கை நம்பித்தான் நான் 2017 ஜனவரியில் மாட்டினேன். காசு மிச்சம் என்று சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–டொராண்டோ வேறு டிக்கெட். டெல்லியில் பனிமூட்டம். என் விமானம் அங்கே இறங்க முடியாமல் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டது. நான் டெல்லி போய்ச் சேர்ந்தபோது அடுத்த விமானம் போய்விட்டது. இரண்டும் ஒரே பிஎன்ஆராக, அதாவது ஒரே முன்பதிவு எண்ணாக இருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. எனக்கு அது இல்லை. கடன் வாங்கிப் புது டிக்கெட் எடுத்தேன்.

தனித்தனியாகப் போடச் சொல்லும் பழைய ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் லீவு போகும், அவ்வளவுதான். உங்களுக்கு வகுப்பு தொடங்கும் தேதி இருக்கிறது. கனடாவில் படிப்பதற்கான அனுமதியான ஸ்டடி பர்மிட்டும் இங்கே இறங்கிய பிறகுதான் அதிகாரி கையால் கிடைக்கும்.

அந்த இடத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கல்லூரிக் கடிதம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்திருந்தேன். இமிகிரேஷன் முடிந்தால்தான் பெட்டி கிடைக்கும். பெட்டியில் இருக்கும் காகிதம் இல்லாமல் இமிகிரேஷன் முடியாது. ஆள் போய் என் பெட்டியைத் தேடி எடுத்து வரும்வரை இரண்டு மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். காகிதங்கள், மருந்து, ஒரு மாற்று உடை, குளிர் ஜாக்கெட் எல்லாம் ஹேண்ட் லக்கேஜில் வரட்டும். சென்னை கவுண்டரிலேயே பெட்டி டேக்கில் ஒய்ஒய்இசட் என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் டொராண்டோவின் குறியீடு. விமானம் மாற நான்கு மணி நேரமாவது விடுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் போய் வருகிறேன், ஒரு கனெக்ஷன்கூடத் தவறியதில்லை.

குளிர்காலத்தில் இங்கே நேரம் சென்னையைவிடப் பத்தரை மணி பின்னால். வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. வெளியே வந்தபோது இரவு பதினொன்று. யாரோ ஒருவரின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மறுநாள் காலை ஒன்பதரை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், இரண்டு இரவாகத் தூங்கவில்லையாம்.