2⁶⁷−1: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எக்செல்லில் 2⁶⁷−1 போட்டால் 147573952589676000000 என்று வருகிறது. அப்படியென்றால் இது இரட்டைப்படை எண்தானே?

இல்லை. சரியான மதிப்பு 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். எக்செல் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணும் கிடைக்கும். ஆனால் 2**67-1 என்றே எழுத வேண்டும். 2^67-1 என்று எழுதினால் 64 வரும். அங்கே ^ அடுக்குக்குறி அல்ல, பிட்களை ஒப்பிடும் குறி. அதற்கு முன்பே கழித்தலும் முடிந்துவிடும்.

2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை செய்தேன், தேறிவிட்டது. பகா எண் என்று முடிவு கட்டலாமா?

கூடாது. ஃபெர்மா சோதனையில் அடிமானத்தை, எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கிறோம்; வராவிட்டால் அது பகு எண். இந்த எண்ணுக்கு அடிமானம் 2 பயன்படாது. 2⁶⁷-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. எண்ணில் 1 குறைத்தால் வரும் 2⁶⁷−2, 67-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வந்தே தீரும். அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் (2-இன் அடுக்கில் 1 குறைத்த எண்கள்) இதில் தேறிவிடும்.

லூகாஸ்–லேமர் சோதனைதான் சரி. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2⁶⁷−1-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். இதை 65 முறை செய்யுங்கள். கடைசி மீதி 0 என்றால் பகா எண். இங்கே 0 வராது. சுற்றுகளின் எண்ணிக்கை அடுக்கைவிட 2 குறைவு. பலர் தவறுவது இதில்தான். நிரலை முதலில் 31-இல் (2⁵−1) ஓட்டிப் பாருங்கள்: 4, 14, 8, 0. மூன்றே சுற்று. நான்காவதும் ஓடினால் 29 வந்து, பகா எண்ணையே பகு எண் என்று சொல்லிவிடும்.

பகு எண் என்று தெரிந்த பிறகும் காரணி கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் அது தவறு என்று காட்டினார். அவர் முறை 'பகா எண் அல்ல' என்று சொல்லுமே தவிர, காரணியைப் பற்றி ஒரு தகவலும் தராது. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல்தான் காரணிகளைத் தந்தார்: 193707721 × 761838257287.

வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பது வீண் வேலை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 134-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும்; 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இந்த இரண்டு நிபந்தனைகளால் மட்டுமே, சிறிய காரணி வரைக்கும் சோதிக்க வேண்டியவை 7,22,790 ஆகிவிடுகின்றன. 3, 5, 7, 11 ஆகியவற்றின் மடங்குகளையும் நீக்கினால் சுமார் 3 லட்சம்தான்.

பொல்லார்டின் p−1 முறையில் காரணிக்குப் பதில் முழு எண்ணே திரும்ப வருகிறது. ஏன்?

இந்த முறை, 1 குறைத்தால் சிறிய பகா எண்களாகப் பிரியும் காரணியைப் பிடிக்கும்; எவ்வளவு சிறியவை என்பதைத்தான் 'எல்லை' குறிக்கிறது. முழு எண்ணே வர இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அடிமானம் 2. இரண்டு காரணிகளுக்குமே 2⁶⁷-இன் மீதி 1 என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் சிக்கிவிடும். அடிமானத்தை 3 ஆக்குங்கள். இன்னொன்று, எல்லை மிகப் பெரிதாக இருப்பது. காரணிகளில் 1 குறைத்துப் பாருங்கள்:

193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677
761838257286 = 2 × 3² × 29 × 67 × 2551 × 8539

எல்லை 2,700 என்றால் முதல் காரணி மட்டும் விழும். 10,000 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். முன்கூட்டியே எல்லை தெரியாதுதான். அதனால் கணக்கை ஓட்டிவிட்டுக் கடைசியில் ஒரு தடவை மட்டும் மீப்பெரு பொதுக் காரணி பார்க்காதீர்கள், இடையிடையே பாருங்கள்.

கோலின் பெருக்கலைக் காகிதத்தில் சரிபார்க்க முடியுமா?

9, 11 மீதிகளால் விரைவாகப் பார்க்கலாம். 9-ஆல் வகுத்தால் காரணிகளின் மீதி 1, 1. பெருக்கற்பலனின் மீதியும் 1. 11-ஆல் வகுத்தால் 9, 8. 72-இன் மீதி 6, பெருக்கற்பலனுக்கும் 6. 9-இன் சோதனை இலக்கங்கள் இடம் மாறியதைப் பிடிக்காது. பக்கத்து இலக்கங்கள் மாறியிருந்தால் 11 பிடித்துவிடும். விடை 99-இன் மடங்கு அளவுக்குப் பிசகினால் இரண்டுக்குமே தெரியாது, அதற்கு முழுப் பெருக்கல்தான் வழி.

இதற்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்?

நான்கே: 1, இரண்டு பகாக் காரணிகள், எண் தானே.