காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு சொந்தப் பாட்டை இணையத்தில் விற்க எந்தத் தளம் நல்லது?

கேட்டவர் தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறிய பாட்டுக் குழு வைத்திருக்கிறார். காவடிப் பாட்டு, தாலாட்டு, சொந்த மெட்டில் சில பாடல்கள் என்று பதிவு செய்து கையில் வைத்திருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் போடுவதா, கேட்பவர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் விற்பதா, யூடியூப் மட்டும் போதுமா என்பது கேள்வி. நான் காரைக்குடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை நடத்துகிறேன். பதிவு முடித்துவிட்டுக் கிளம்பும்போது பாதிப் பேர் வாசலில் நின்று இதையேதான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றிலும் போடுங்கள். ஆனால் பாட்டு ஊருக்குத் தெரிய ஒரு இடம், காசு வர ஒரு இடம் என்று மனதில் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் எல்லாம் தெரிவதற்கான இடங்கள். காசு வருவது நேரடியாக வாங்குகிறவர்களிடமிருந்துதான்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து வரும் பணத்தில், மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் கிடைக்கும். பெரிய சினிமாப் பாட்டுகளும் அதே பானையில்தான் பங்கு கேட்கின்றன. போதாததற்கு, 2024 முதல் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகையே இல்லை என்று விதி வைத்துவிட்டார்கள். ஒரு தாலாட்டு அந்த எண்ணிக்கையைத் தொடாமல் போகலாம். அதற்காகப் போடாமல் இருக்க வேண்டாம். கல்யாண வீட்டில் கேட்டவர் அன்று இரவே போனில் தேடுவார், தேடும்போது பாட்டு அங்கே இருக்க வேண்டும்.

யூடியூபில் நாமே ஏற்றலாம். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்ற தளங்களில் நேராக ஏற்ற முடியாது, பாட்டை வாங்கித் தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தர் வழியாகப் போக வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும், நிரந்தரமாக இருக்கத் தனிக் கட்டணம் உண்டு. சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு ஒரு ஆல்பம் போடும் உங்களைப் போன்ற குழுவுக்கு ஒரே முறை கட்டணம்தான் நிம்மதி என்பேன். எந்த விநியோகஸ்தராக இருந்தாலும், ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் அடையாளமாகத் தரும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு விநியோகஸ்தரிடம் மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை பாட்டோடு கூட வரும்.

சரி, விற்பனைக்கு வருவோம். இதில் நான் முழு மனதாகச் சொல்வது பேண்ட்கேம்ப். 2008இல் தொடங்கியது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், சிடி போன்ற பொருள்களில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். 5 டாலருக்கு ஒரு ஆல்பம் விற்றால் 75 சென்ட் அவர்களுக்கு, அதோடு பணம் கைமாறும் கட்டணம் கொஞ்சம் போகும். சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குப் போகிறது என்பது அவர்களே சொல்லும் கணக்கு. குறைந்த விலையை மட்டும் வைத்துவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டுவிடும் வசதியும் உண்டு. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நம் ஆட்கள் கோயில் பாட்டுக்கும் ஆயா பாடிய தாலாட்டுக்கும் பேரம் பேசுவதில்லை, கூடவே கொடுப்பார்கள்.

யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். செட்டிநாட்டுக் குடும்பங்களில் பாதி வெளியில் இருக்கிறது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வீடுகளில் குன்றக்குடிப் பாட்டு என்றால் தனிப் பிரியம். அவர்களிடம் கார்டு இருக்கிறது, டாலரில் கொடுப்பதில் சிரமம் இல்லை. பாட்டின் பெயரைத் தமிழில் மட்டும் போடாமல் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் தேடுவார்கள்.

பணம் பேபால் கணக்குக்கு வரும். பான் எண் கொடுத்து வங்கிக் கணக்கை இணைத்துவிட்டால், பேபாலில் தங்காமல் தானாகவே வங்கிக்குப் போய்விடும். ஆனால் பேண்ட்கேம்ப்பில் யுபிஐ இல்லை, உள்ளூர்க்காரர் அதில் வாங்க மாட்டார். அவருக்கு நம் பழைய வழிதான். கச்சேரி நடக்கும் இடத்தில் கியூஆர் அட்டை ஒன்றை வைத்து, பென் டிரைவில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுங்கள். காரில் பழனிக்குப் போகிறவர்கள் இன்றும் பென் டிரைவ்தான் கேட்கிறார்கள்.

ஒரு தொழில் விஷயம். பேண்ட்கேம்ப் எம்பி3 கோப்பை ஏற்காது. வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக் போன்ற சுருக்கத்தில் தரம் குறையாத கோப்புதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் நல்ல ஸ்பீக்கரில் கேட்பார், அறையின் எதிரொலி அப்படியே தெரியும். நம் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். காவடிப் பாட்டுக்கு அது அழகு, பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது கோயில் மண்டபம் மாதிரியே விழும். தாலாட்டுக்கு ஆகாது. அப்பத்தாவை உள் அறையில் ஜமக்காளத்தில் உட்கார வையுங்கள். பின்னால் ஒரு பஞ்சு மெத்தையைச் சுவரோடு நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். கையில் சும்மா ஒரு சேலையைத் தூளியாகக் கட்டி ஆட்டச் சொன்னால் போதும், தாளம் தானாக வந்துவிடும்.

இனி உரிமை. தளத்தைவிட இதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அருமையாகப் பாடுவார். ஒரு ஆடியோ நிறுவனம் சின்னத் தொகை கொடுத்து, ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டது. பிற்பாடு அவர் மகள் அந்தப் பதிவை யூடியூபில் போட்டபோது, அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நின்றது. சட்டப்படி அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம், எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நம் ஊருக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. காரைக்குடியில் அப்பா கடையில் இசைத்தட்டு விற்றுத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்பனிடம்தான் ஒரு காலத்தில் பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை இருந்தது. 1949இல் அவர் பணம் வாங்காமல் அதை விட்டுக்கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்க்க மாட்டார். அதனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன், எத்தனை வருடத்துக்கு, பதிவுக்கு மட்டுமா மெட்டுக்கும் வரிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். மெட்டும் வரியும் உங்களுடையது என்றால், கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தாலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு.

காவடிச்சிந்து, வழிவழி வந்த தாலாட்டு போன்றவை யாருக்கும் தனிச் சொத்தில்லை. உங்கள் பதிவு மட்டுமே உங்களுடையது. யூடியூப் கன்டென்ட் ஐடி என்பது உங்கள் ஒலியோடு ஒத்துப்போகும் வீடியோக்களைத் தானாகத் தேடி உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போடும் ஏற்பாடு. ஆகவே விநியோகஸ்தர் அது வேண்டுமா என்று கேட்கும்போது, மற்றவர்களும் பாடும் பழைய பாட்டுக்கும், கடையில் வாங்கிய லூப்பை (யாரும் வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்த இசைத் துண்டை) வைத்துச் செய்த பாட்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர் பஜனைக் குழுவின் வீடியோ மீது உங்கள் பெயரில் கோரிக்கை போய் விழ வாய்ப்புண்டு.

பேண்ட்கேம்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2022இல் எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023இல் சாங்டிரேடருக்குக் கைமாறியது, அப்போது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வீட்டிலேயே இருக்கட்டும். வாங்கியவர்கள் சம்மதித்தால் அவர்கள் மின்னஞ்சல் உங்களுக்குக் கிடைக்கும், அந்தப் பட்டியலையும் அவ்வப்போது இறக்கி வையுங்கள்.

உங்கள் குழுவுக்கு என் யோசனை இது: காவடிப் பாட்டை முதலில் வெளியிடுங்கள், தைப்பூசப் பாதயாத்திரை கிளம்பும் முன், மார்கழியிலேயே. விநியோகஸ்தரிடம் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை தொகுக்கும் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். தாலாட்டு ஆல்பத்தை ஒரு பேண்ட்கேம்ப் வெள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா நேரத்தில் 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம் அது. குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கை அவர்கள் எடுப்பதில்லை, தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு வெள்ளி மதியம் 12.30 அல்லது 1.30க்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம் வரை. சிங்கப்பூர், மலேசியா உறவுகளுக்கு வெள்ளி சாயங்காலம் செய்தி அனுப்பினால் சரியாக இருக்கும்.