நாற்பதில் ஏழு உங்களுடையது
வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: நம் நாட்டு நீதிமன்றங்கள் ஷரீஅத்தை எந்த அளவுக்கு ஏற்கின்றன? ஜமாஅத்தில் (ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில்) சொல்வதுதான் சட்டமா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: திருட்டு, அடிதடி, கடன், வரி எதிலும் ஷரீஅத் வராது. அங்கே எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். நிக்காஹ் (திருமணம்), தலாக் (மணவிலக்கு), மஹர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடை), வாரிசுரிமை, ஹிபா (அன்பளிப்பு), வக்ஃபு (அறக்கொடைச் சொத்து) மாதிரியான சில விஷயங்களுக்கு மட்டும் 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் பொருந்தும். அது மிகச் சிறிய சட்டம். யாருக்கு எத்தனை பாகம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்காது. நீதிபதிகள் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களையும் முந்தைய தீர்ப்புகளையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஜீவனாம்சத்துக்கு முஸ்லிம் பெண்கள் பொதுச் சட்டத்தின் கீழும் போகலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஜமாஅத் பேசிச் சமாதானம் செய்யலாம். நல்லபடியாகச் செய்கிற ஜமாஅத்துகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபத்வாவுக்கு (மார்க்க அறிஞர் தரும் தீர்ப்புக்கு) சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது. இதுவும் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதுதான்.

கேள்வி: அத்தா மௌத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா, இரண்டு அண்ணன்கள், நான் இருக்கிறோம். சொத்து ஒரு வீடும் இரண்டு ஏக்கர் வயலும். "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, அதுதான் உன் பாகம். வயலில் பொம்பளைக்குப் பங்கே கிடையாது" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? (பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: இப்போது போடாதீர்கள், தங்கச்சி. முதலில் கணக்கைப் பாருங்கள்.

என் மேஜையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். பாகம் கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொன்னால் புரிவதில்லை. கொட்டையைப் பிரித்து வைத்தால் உடனே புரிந்துவிடும். நாற்பது கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது ஐந்து. மீதி முப்பத்தைந்து. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்தால் அண்ணன்களுக்குத் தலா பதினான்கு, உங்களுக்கு ஏழு. பிரிப்பதற்கு முன்னால் அடக்கச் செலவையும் அத்தாவின் கடனையும் கழிக்க வேண்டும். அம்மாவுக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நகை விஷயம். அத்தா உயிரோடு இருந்தபோது உங்களுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அதைப் பாகத்தில் கழிக்க இடமில்லை.

அப்புறம் வயல். அண்ணன்கள் சொல்வது ஒரு காலத்துக் கதை. 1937 சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் 1949-இலேயே திருத்தம் கொண்டுவந்து நிலத்தையும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் அண்ணன்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விவகாரம் இது. வீட்டில் போலவே வயலிலும் நாற்பதில் ஏழு உங்களுடையது.

குர்ஆனில் நிஸா அத்தியாயத்தின் ஏழாவது வசனம், பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் பாகம் உண்டு, அது கொஞ்சமானாலும் அதிகமானாலும் சரி என்கிறது. மகனுக்கு இரண்டு என்பதைச் சரியாக நினைவு வைத்திருக்கும் வீடுகளில் மகளுக்கு ஒன்று என்பது மட்டும் எப்படி மறந்துபோகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் அம்மாவும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார். பத்திர ஆபீஸிலிருந்து வந்தபோது கையில் ஒரு நீலப் புடவை இருந்தது. மாமாக்கள் எடுத்துக் கொடுத்தது. மடிப்புக் கலையாமல் பீரோவிலேயே கிடந்தது. ஒரு பெருநாளுக்குக்கூட அவர் அதைக் கட்டவில்லை. விரல் நுனியில் கறுத்திருந்த மையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

மனதார விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்கள் உரிமை. ஆனால் அந்த ஏழு பங்கின் இன்றைய மதிப்பு தெரிந்த பிறகு செய்யுங்கள். தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உடனே ஆட்சேபம் கொடுங்கள். பேச்சில் முடியாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். வழக்கு வேண்டாம் என்று உங்கள் அம்மா அழக்கூடும். எட்டில் ஒரு பாகம் அவருக்கும் இருக்கிறது, அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: என் வாப்பா போன வருடம் மௌத்தாகிவிட்டார். பாட்டனார் இருக்கிறார், நல்ல நினைவோடு பேசுகிறார். அவருக்குப் பிறகு வாப்பாவின் பாகம் எனக்கு வருமா? பெரிய வாப்பாவும் சின்ன வாப்பாவும் இருக்கிறார்கள். (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: தானாக வராது. பாட்டனாருக்கு மகன்கள் உயிரோடு இருக்கும்போது, இறந்துபோன மகனின் பிள்ளைகள் வாரிசாவதில்லை. இங்கே நீதிமன்றங்கள் இன்னும் இப்படித்தான் தீர்ப்புச் சொல்கின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எகிப்து 1946-இலேயே, இப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் கட்டாய வசிய்யத் (உயில்) என்று சட்டம் போட்டது. பாகிஸ்தான் 1961-இல் இறந்தவரின் பங்கைப் பிள்ளைகளுக்கே கொடுத்தது. மார்க்கத்துக்குள்ளேயே வழி தேடுவது நமக்கும் புதிதல்ல. கணவன் கைவிட்டுப் போன, ஹனஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பின்பற்றும் பெண்களுக்காக, 1939 மணவிலக்குச் சட்டத்தில் மாலிக்கி என்ற இன்னொரு மத்ஹபின் விதிகளை எடுத்துக்கொண்டது இந்த நாட்டில்தான். அதற்கு முன், விடுதலைக்கு வேறு வழி தெரியாமல் மார்க்கத்தையே விட்ட பெண்கள் இருந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நீங்கள் வாரிசு இல்லை என்பதாலேயே, பாட்டனார் மூன்றில் ஒரு பங்குவரை உங்களுக்கு வசிய்யத் எழுதலாம். மகன்களின் சம்மதம் தேவையில்லை. அல்லது ஹிபாவாக இப்போதே கொடுத்துவிடலாம். அவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், நீங்கள் ஏற்க வேண்டும், சொத்து உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பேச்சளவில் கொடுத்துவிட்டுச் சாவியை அவரே வைத்திருந்தால் பின்னால் நிற்காது. மரணப் படுக்கையில் கொடுத்தால் ஹிபாவும் மூன்றில் ஒன்றுக்கு மேல் செல்லாது. அதனால் அவர் நடமாட்டமாக இருக்கும்போதே, பெரிய வாப்பாவையும் உட்காரவைத்து இந்த வாரமே பேசுங்கள்.