குடிலுக்குள் மாடும் கழுதையும் வந்த வழி

கேள்வி: எங்கள் கோயிலில் டிசம்பர் மாதம் வைக்கும் கிறிஸ்து பிறப்புக் குடிலில் மாடும் கழுதையும் தவறாமல் இடம்பெறுகின்றன. நற்செய்தி நூல்களில் இரண்டையும் காணோமே, எங்கிருந்து வந்தன?
– வாசகி, சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: மத்தேயுவும் லூக்காவும் குழந்தை இயேசுவின் அருகே எந்த விலங்கையும் நிறுத்தவில்லை என்பது உண்மைதான், லூக்கா (2:7) குறிப்பிடுவது தீவனத் தொட்டியை மட்டுமே. ஆனால் தொட்டி என்றதும் ஆதித் திருச்சபையினருக்கு பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எசாயாவின் முதல் அதிகாரம் நினைவுக்கு வந்தது: மாடு தன் உடையவனை அறியும், கழுதை எசமானின் தொட்டியை அறியும், என் மக்களோ அறியவில்லை என்று ஆண்டவர் அங்கே குறைப்படுகிறார். சிற்பிகள் செதுக்கியது அந்த வசனத்தைத்தான். மிலான் நகரின் புனித அம்புரோசியார் கோயிலில் பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கும், 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல் சவப்பெட்டியில், துணி சுற்றிய குழந்தையின் இருபுறமும் இவ்விரு விலங்குகளும் இருக்க, மரியாவையோ யோசேப்பையோ அங்கே காண முடியாது. மோசேயின் சட்டம் என்னும் நுகம் சுமந்த மாடு யூதர், கழுதை பிற இனத்தார் என்று திருச்சபைத் தந்தையர் சிலர் விளக்கமும் தந்தனர். இன்று எந்தப் பங்குத்தந்தையும் மறையுரையில் அதைச் சொல்லத் தயங்குவார், தயங்குவதே நல்லது. பிற்பாடு எழுந்த ‘போலி மத்தேயு’ என்னும் இலத்தீன் நூல், மூன்றாம் நாள் மரியா குகையை விட்டுத் தொழுவத்துக்கு வந்ததாகவும் இவ்விரண்டும் குழந்தையை வணங்கியதாகவும் கதையாகவே எழுதிவிட்டது. ஆக, சிற்பம் முந்தி, கதை பிந்தி. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருவிழாக் கொண்டாடிய பிறகு, குடிலில் அவற்றின் இடம் உறுதியாகிவிட்டது.

கேள்வி: கீழைத் திருச்சபைப் படம் ஒன்றில் மரியா படுத்திருக்கிறார், யோசேப்பு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் குடிலில் இருவரும் முழந்தாளிட்டிருக்கிறார்களே?
– வாசகர், பிரேசர் டவுன், பெங்களூரு

பதில்: படுத்திருப்பதே பழைய முறை. சுமார் 1305இல் பதுவா நகரில் ஜோத்தோ தீட்டிய சுவரோவியத்திலும் மரியா சாய்ந்து படுத்திருக்க, யோசேப்பு தரையில் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறார். 14ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா பெத்லகேமில் கண்ட காட்சியில், மரியா முழந்தாளிட்டிருக்க, குழந்தை ஒளி வீசியபடி தரையில் கிடந்தது. மேற்கத்திய ஓவியர்கள் விரைவிலேயே அதைப் பின்பற்றினர். கீழைப் படங்களோ பழைய அமைப்பை விடவில்லை. அங்கே யோசேப்பின் முகம் வாடியிருப்பது மரியா கருவுற்றதைப் பற்றி மத்தேயு முதல் அதிகாரம் கூறும் அவருடைய ஐயத்தினால். அவர் எதிரே தோல் போர்த்து நிற்கும் கிழவரை, அந்த ஐயத்தைத் தூண்டும் சோதிப்பவன் (சாத்தான்) என்று கொள்வோரும் உண்டு.